ஏழு கிலோ

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலத்தில், கிளம்புகிறவருக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்ப ஆள் இருந்தது. டிக்கெட் ஏஜென்ட் கடைவாசலில் உட்காரவைத்து, அம்மை ஊசி போட்ட சீட்டு வேண்டும், பாய் வேண்டும், குடிதண்ணீருக்குச் சொம்பு வேண்டும், எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் குமட்டலுக்கு நல்லது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். என் தாத்தா ‘ரஜூலா’வில் போனவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை இந்தக் கடலில் ஓடியது. தாத்தா போனது டெக்கில். கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று, கோணிச் சாக்கு இரண்டு, பாய்ச் சுருட்டு. பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் பெயர், அதற்குக் கீழே ‘பினாங்கு’. அந்த எழுத்து இன்னும் அழியவில்லை. பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அப்பா போனது ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில். வழியனுப்ப நானும் போயிருக்கிறேன். கப்பல் கரைக்கு வராது. தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களையும் மூட்டைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு குடும்பம் ஆட்டுரலைச் சாக்கில் கட்டிக்கொண்டு படகில் ஏறியது நினைவிருக்கிறது. யாரும் அதை நிறுத்துப் பார்த்ததாக நினைவில்லை. பினாங்குக்கு நாலைந்து நாள், சிங்கப்பூருக்கு ஒரு வாரம். 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பிடித்துப் பயணிகள் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது.

அதற்குப் பிறகு விமானம்தான் என்று ஆனது. விமானம் என்றால் சென்னைக்குப் போக வேண்டும், டிக்கெட் வாங்கக் கடன் வாங்க வேண்டும். மலேசியாவின் கிள்ளானில் இருந்த அத்தைக்குப் பாட்டி இறந்த செய்தி தந்தியில் போனது. அத்தை வந்து சேர்ந்தது அடுத்த வருஷம், திதிக்கு. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள் அந்தத் தலைமுறையில் ஒருவர் இருவரல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எல்லோருக்கும் அப்படி ஒரு கதை இருந்தது.

அதனால்தான் மலிவுக் கட்டண விமானத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். 2001இல் டோனி பெர்னாண்டஸ், கடனில் மூழ்கிக் கிடந்த ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார், கடனையும் சேர்த்து. இனி எல்லோரும் பறக்கலாம் என்று விமானத்தின் மேலேயே எழுதிவைத்தார். 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குச் சேவை வந்தது. சிங்கப்பூரிலிருந்து டைகர், பிறகு அதனுடன் இணைந்த ஸ்கூட். நாலு மணி நேரத்தில் திருச்சி. அத்தை அதன்பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றையும் விட்டதில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களும், அவர்கள் பேரப்பிள்ளைகளும், சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு வந்துபோகும் காலம் வந்தது. இதைச் சாதித்தது எந்த அரசின் திட்டமும் அல்ல. ஓர் இருக்கையின் விலை இறங்கியது, அவ்வளவுதான்.

விலை எப்படி இறங்கியது என்று தெரிந்தால்தான் எங்கே பணம் போகும் என்பதும் புரியும். இந்த நிறுவனங்களுக்கு வழிகாட்டி அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட். ஒரே ரக விமானங்கள்தான் வைத்திருப்பார்கள். விமானிகளுக்கு ஒரே பயிற்சி, பட்டறையில் ஒரே உதிரிபாகங்கள். வந்து இறங்கிய விமானம் இருபத்தைந்து நிமிஷத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும், ஏனென்றால் தரையில் நிற்கிற விமானம் சம்பாதிப்பதில்லை. கோலாலம்பூரில் 2006இல் இதற்கென்றே கட்டிய பழைய முனையத்தில் ஏறுபாலம்கூடக் கிடையாது. மழையில் குடை பிடித்துத் தளத்தில் நடந்துபோய்ப் படியேறினோம். 2014இல் கேஎல்ஐஏ 2 வந்தபிறகுதான் அந்த நடை நின்றது. இப்படி மிச்சம் பிடித்தும் போதாமல், டிக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தனி விலை போட்டார்கள்: பெட்டி, சாப்பாடு, இருக்கை எண், தேதி மாற்றம். நாம் வாங்குவது உட்கார்ந்து போகும் உரிமை மட்டும். இதில் ஏமாற்று இல்லை. தெரிந்து வாங்கினால் நியாயமான வியாபாரம். தெரியாமல் வாங்குகிறவர் தலையில்தான் பாரம் விழுகிறது. அப்படித் தெரியாதவர்கள், பெரும்பாலும், யாருக்காக விலை இறங்கியதோ அவர்கள்தான். எனக்கு வருத்தம் அதில்தான்.

திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் வரிசைக்கு ஓரமாகக் கொஞ்சம் நேரம் நின்றால் போதும். தரையில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பழைய முனையத்தில் பார்த்தேன். 2024இல் திறந்த புதிய முனையத்தின் பளபளத் தரையிலும் பார்க்கிறேன். ஒருமுறை எனக்கு முன்னால் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றில் மகன் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தான், பெட்டிக்குப் பணம் கட்டாமல். கைப்பைக்கு ஏழு கிலோ அளவு. தராசில் பதினொன்றரை.

“நாலரை கிலோவுக்கு எக்ஸ்ட்ரா கட்டணும் பாட்டி. இல்லன்னா எடுத்திடுங்க.”

“எதை எடுக்கறது கண்ணு? பேத்திக்குச் சீமந்தம்.”

முறுக்கு டின் ஒன்று, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, செய்தித்தாளில் சுற்றிய வளையல், மஞ்சள் கிழங்கு, ஒரு ஜோடிப் பட்டு. குத்துவிளக்கின் அடித்தட்டைக் கழற்றினார், கையில் பிடித்துப் பார்த்தார், மறுபடி மாட்டினார். வெளியே கண்ணாடிக்கு அப்பால் நின்ற தம்பியிடம் முறுக்கு டின்னை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் கூடுதல் இருந்தது. பணத்தைக் கட்டினார். டிக்கெட் எடுக்கும்போதே பெட்டிக்குச் சேர்த்துக் கட்டியிருந்தால் அதில் ஒரு பகுதிதான் ஆகியிருக்கும். விளக்கும் போயிருக்கும், முறுக்கும் போயிருக்கும்.

ஏழு கிலோவில் பையின் எடையும் அடக்கம். சக்கரம் வைத்த சூட்கேஸ் காலியாகவே இரண்டு மூன்று கிலோ தின்றுவிடும். துணிப்பை போதும். பல நிறுவனங்கள் பெரிய பை, தோள்பை இரண்டையும் சேர்த்துத்தான் ஏழு என்று கணக்கு வைக்கின்றன. நீள அகலமும் பார்க்கிறார்கள், 56, 36, 23 சென்டிமீட்டர் என்று. பெட்டிக்கு இணையத்தில் முன்பே கட்டுவது ஒரு விலை, கவுன்டரில் அதற்கு மேல், விமான வாசலில் பிடித்தால் இன்னும் மேல். நெய், ஊறுகாய், நல்லெண்ணெய் எல்லாம் கைப்பையில் போகாது, பெட்டியில்தான். கொப்பரைத் தேங்காய் எதிலும் போகாது. எண்ணெய்ச் சத்து மிகுந்து சூடேறினால் தானே தீப்பிடிக்கும் பொருளாக அதை வைத்திருக்கிறார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. பெட்டியில் வைத்தால் பெட்டியை இழுத்துப்போட்டுத் திறக்கச் சொல்வார்கள், கையில்தான் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு இவையும் கையோடுதான்.

பெயர் விஷயத்தை நம்மவர்கள்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். பதிவுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், பல நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன. சிலர் இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்து இருக்கும், கவுன்டரில் வாக்குவாதம் ஆகும். மலேசியத் தமிழர்களின் பாஸ்போர்ட்டில் நடுவே ஏ/எல், ஏ/பி என்று வரும். இன்னாரின் மகன், மகள் என்பதற்கான குறி. அந்தச் சாய்கோட்டைப் படிவம் ஏற்காது, கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போட வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பிறகு திருத்துவதற்குக் கட்டணம் உண்டு. வேறு ஆளுக்கு மாற்றுவது பெரும்பாலும் நடக்காது.

இருக்கைக்குப் பணம் கட்டாவிட்டால் கணினி கொடுத்த இடத்தில் உட்கார வேண்டும். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த அத்தையையும் மாமாவையும் அது ஆளுக்கொரு மூலையில் போட்டது. மாமாவுக்குக் காது மந்தம், சர்க்கரை வேறு. அறிவிப்பும் கேட்காது, பசியும் தாங்காது. வயதானவர்களுக்கு ஜோடியாக இடமும் ஒரு சாப்பாடும் முன்பே வாங்கிவிடுவதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. சக்கர நாற்காலியும் இரண்டு நாளாவது முன்னால் சொல்லிவைக்க வேண்டியது. போய் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இணையத்தில் செக்-இன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் பொதுவாகப் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். அதற்குப் பிறகு வந்தவருக்கு விமானம் கண்ணெதிரே நின்றாலும் கதவு திறக்காது. இருபத்தைந்து நிமிஷக் கணக்கில் கருணைக்கு இடம் வைக்கவில்லை.

மலேசியாவுக்குப் போகும் இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து முப்பது நாளுக்கு விசா தேவைப்படவில்லை. ஆனால் வருகை அட்டையை இணையத்தில், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுடையது அல்ல. கிளம்பும் நாளில் விதி என்ன என்பதையும் அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே பாருங்கள்.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வேறோர் எச்சரிக்கை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ஆஸ்திரேலியா என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக மலிவாக எடுத்துவிடுகிறார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி நடுவில் இறங்கிவிடும். குடிநுழைவு தாண்டிப் போய் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரே பதிவில், இணைப்போடு சேர்த்து எடுத்தால் சில ஆயிரம் கூடும், ஆனால் தவறவிட்ட விமானத்துக்கு மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் தலையில். முதல் தடவை தனியாகப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மலிவு என்பது முன்கூட்டியே திட்டமிடுகிறவருக்கு மட்டுமே மலிவு. மூன்று மாதம் முன்பு போட்ட டிக்கெட்டின் விலையும், இன்று ராத்திரிக்கு வேண்டும் என்று கேட்கும் டிக்கெட்டின் விலையும் பல மடங்கு வித்தியாசப்படும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம், சாவுக்குக் குறிக்க முடியாது. அப்பா இறந்தபோது அத்தை மறுநாள் காலையே வந்துவிட்டார். அந்த ஒரு வழிக்குக் கொடுத்த பணத்தில் வேறொரு மாதத்தில் குடும்பத்தோடு வந்து போயிருக்கலாம். ஆனாலும் வந்தார், முகம் பார்த்தார், வாய்க்கரிசி போட்டார். தன் அம்மாவுக்குக் கிடைக்காதது அண்ணனுக்குக் கிடைத்தது என்று எங்களிடம் சொல்லி அழுதார். வெளிநாட்டில் உறவு உள்ள குடும்பங்கள் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. துக்கத்தின் நடுவே கடன் கேட்டு அலைய வேண்டாம்.

தாமதமானால் என்ன கேட்கலாம் என்பதும் நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். மலேசியாவில் 2016இலிருந்து விமானப் பயணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் உள்ளன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகி, பயணமே வேண்டாம் என்று நாம் முடிவுசெய்தால், முழுப் பணத்தையும் கட்டிய வழியிலேயே திருப்பித் தர வேண்டும். இது 2024 செப்டம்பரில் சேர்த்த விதி. மலிவு டிக்கெட் என்பதால் இவை இல்லை என்று ஆகாது. கேட்கிறவருக்கு ஆங்கிலமோ மலாயோ வராவிட்டால், வரிசையில் தெரிந்த ஒருவர் கூடப் போய்க் கேளுங்கள்.

போன தையில் அத்தையால் வர முடியவில்லை, முழங்கால் வலி. டிக்கெட் பணம் போனது போனதுதான், அந்த விலையில் ரத்து கிடையாது. ஆனால் டிக்கெட்டில் அடங்கிய விமான நிலைய வரி, பறக்காதவரிடம் வசூலிக்கக்கூடியது அல்ல. அதைத் திரும்பக் கேட்கலாம். அத்தை மகனிடம் சொன்னேன். பதிவு எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்திலேயே விண்ணப்பித்தான். சில வாரத்தில் அவன் கார்டுக்கு வந்தது. மாமாவுக்கும் சேர்த்து, இரண்டு பேருடையது.