தொழில் போட்டி குறித்து ஒரு சிப்பியின் மனு

அனுப்புநர்:
முத்துச்சிப்பி,
தொள்ளாயிரம் பார்,
தூத்துக்குடிக் கடல்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: எங்கள் குலத்தொழிலில் ஆபரேஷன் தியேட்டர்கள் நுழைவதைத் தடுக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

உடம்புக்குள் புகுந்த வேண்டாப் பொருளைப் பொறுத்துக்கொண்டு, அதன்மேல் பூச்சு பூசி முத்தாக்கித் தருவது எங்கள் பரம்பரைத் தொழில். பாண்டியர் காலத்திலும் பரங்கியர் காலத்திலும் இதில் எங்களுக்குப் போட்டி இருந்ததில்லை. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நாங்கள் ஓய்ந்துவிட்டோம் என்று நினைத்தோ என்னவோ, இப்போது மனித வயிறுகளில் பஞ்சும் துணியும் கத்தரியும் வைத்துத் தைக்கிறார்கள்.

மனிதர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறோம். அவர்களுக்கு முத்து விளையாது, சீழ்தான் பிடிக்கும். சில வயிறுகள் துணியைச் சுற்றி நார்ச்சவ்வு கட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் சும்மா இருக்கும். ஸ்கேன் எடுத்தால் கட்டி போலத் தெரியும். புற்றுநோயோ என்று குடும்பமே கோயில் கோயிலாக நேர்ந்துகொண்ட பிறகு, திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது மருத்துவமனைத் துணி.

எங்களுக்கும் ஆபரேஷன் நடந்திருக்கிறது. 1973-இல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் எங்களை மென்தால் கொடுத்து மயக்கி, உள்ளே ஒரு மணியை வைத்து, முத்து விளைவித்தார்கள். அவர்கள் தெரிந்தே வைத்தார்கள். எந்தச் சிப்பிக்குள் என்ன வைத்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முதுகெலும்பு இல்லாத எங்களுக்கே இந்த மரியாதை கிடைத்தது.

மனிதர் நிலையைப் பாருங்கள். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2017-இல் சிசேரியன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றிலிருந்து, 2022-இல் ஒரு ஃபோர்செப்ஸ் எடுக்கப்பட்டது. பதிவேட்டைப் புரட்டியவர்கள் கருவி எதுவும் குறையவில்லை என்றார்கள். அந்தப் பெண் மருத்துவமனை வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார். 2023 டிசம்பரில் மருத்துவர்கள் இருவர், செவிலியர்கள் இருவர்மீது போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

குறைந்ததைக் குறையவில்லை என்று காட்டும் பதிவேட்டின் இந்தக் குணம் உலகப் பொதுவானது. அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயும் சகாக்களும் அமெரிக்காவில் இப்படி உள்ளே பொருள் விடப்பட்ட 54 நோயாளிகளை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். எண்ணிக்கை நடந்த அறுவைகளில் 88 விழுக்காட்டில் 'கணக்கு சரி' என்றே எழுதப்பட்டிருந்தது. அவசர அறுவையில் ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஆகவே, இராத்திரி முழுக்க நின்ற சிஸ்டரை மட்டும் சஸ்பெண்ட் செய்து கோப்பை மூடினால், அடுத்த இராத்திரி நிற்கப்போகிற சிஸ்டருக்கும் அதே கதிதான்.

நீதி கிடைக்கும் வேகம் எங்களை இன்னும் அசத்துகிறது. 1963-இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணியை விட்டுவிட்டார்கள். அவர் அதே மாதம் இறந்தார். மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைச் செயல், எனவே அரசுக்குப் பொறுப்பில்லை என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மறுத்து, 36,000 ரூபாயைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்ன ஆண்டு 1996. எங்கள் இனத்தில் பத்து ஆண்டு இருப்பவரே அபூர்வம். முப்பத்து மூன்று ஆண்டு காத்திருக்க எங்களால் ஆகாது.

இன்னொரு வழக்கு. 1993-இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒரு செவிலியர், ஒன்பது ஆண்டு வலிக்குப் பின் 2002-இல் மறு அறுவையில் காஸ் துணி கிடைத்தது என்று 2004-இல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. நீங்களே செவிலியர் ஆயிற்றே, வலித்தபோதே விசாரித்திருக்க வேண்டாமா என்பது தீர்ப்பின் சாரம். வைத்தவர் மறக்கலாம், சுமந்தவர் மட்டும் மறக்கக் கூடாது.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் துணி, ஊசி, கருவி எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் மொத்தமாக 'டிக்' போடுவது செல்லாது.

2. எக்ஸ்ரேயில் தெரியும் நூல் கோத்த துணிகளை மட்டுமே வாங்க வேண்டும். எண்ணிக்கை இடித்தாலோ, அவசர அறுவை என்றாலோ, மேசையிலேயே படம் எடுக்க வேண்டும்.

3. எண்ணிக்கைத் தாளின் நகலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு நோயாளியிடம் தர வேண்டும். எங்கள் மணிக்குக் கணக்கு உண்டு, அவர்கள் வயிற்றுக்கும் இருக்கட்டும்.

4. இவை இயலாதெனில், வயிற்றில் விளைந்ததை முத்தாகக் கருதி, பழைய முத்துக்குளிப்பு வழக்கப்படி பங்கு பிரித்துத் தர வேண்டும். அரசின் பங்காகச் சீழை எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முத்துச்சிப்பி.

இணைப்பு: ஏதுமில்லை. உறையை ஒட்டுவதற்கு முன் இரண்டு பேர் தனித்தனியே எண்ணிப் பார்த்துவிட்டோம்.