தூள் அன்ரியின் பரம்பரை

ஸ்காபரோவில் தூள் அன்ரியிடம் ரோல்ஸ் வாங்கப் போனால் ரோல்ஸ் உடனே கைக்கு வராது. முதலில் கதை. பின்னால் பத்துப் பேர் பனிச் சப்பாத்தோடு நின்றாலும் அன்ரி அசையமாட்டார். "தம்பி, இது கடைத்தூள் இல்லை. எங்கட பூட்டின்ர கைப்பக்குவம்."

பூட்டி அண்மையில்தான் வந்து சேர்ந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா வந்து, பகலில் தொழிற்சாலை, இரவில் பேஸ்மென்ட் அடுப்பு என்று அன்ரி பார்சல் கட்டிய காலத்தில் அது வெறும் அம்மாவின் தூள். பிளாசாவில் கடை எடுத்ததும் அம்மம்மாவின் தூளாயிற்று. மார்க்கம் நகரில் அடுத்த கடை திறந்த அன்று பூட்டி அவதரித்தார். கடைக்கொரு தலைமுறை! பிரம்ரனிலும் இடம் பார்க்கிறாராம். எனக்கு அதுதான் கவலை. இப்படியே போனால் 1619 ஐத் தொட்டுச் சங்கிலி மன்னனின் குசினிக்குள் நுழைந்துவிடுவார். அதற்கும் நூற்றைம்பது வருஷம் முன்னால் போனாரோ, செத்தல் மிளகாயே கிடையாது. அதைக் கொண்டுவந்தவன் பறங்கி. வெறும் மிளகையும் மல்லியையும் வைத்துக்கொண்டு அந்த மூதாட்டி என்ன யாழ்ப்பாணத்துத் தூள் இடிப்பாள், பாவம்? பாண்தூளில் பிரட்டிப் பொரித்த ரோல்ஸை எந்தப் பூட்டி தின்றாள் என்று நான் கேட்கவே இல்லை.

உண்மைக் கதை இதைவிட நல்லது. அன்ரி இல்லாத நேரம் அங்கிள் சொன்னார். படிக்கிற பிள்ளை என்று ஊரில் அன்ரியைக் குசினிப் பக்கமே விடவில்லையாம். இங்கே வந்துதான், டெலிபோன் கார்ட்டைச் சுரண்டி, கொழும்பில் இருந்த தாயிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மல்லி எவ்வளவு, பெருஞ்சீரகத்தை எப்போது போடுவது என்று போய்க்கொண்டிருக்கும்போதே கார்ட்டில் காசு முடிந்துவிடும். வெந்தயத்தோடு லைன் அறுந்தால் மீதி அன்ரியின் ஊகம். முதல் முதல் மிளகாய் வறுத்த அன்று புகை அலாரம் அலறித் தீயணைப்பு வண்டி வந்து நின்றதாம். அந்த ஊகத்தில்தான் இந்த ருசியே! இந்தக் கதையைப் பக்கெட்டில் அச்சடித்தால் நான் இன்னும் இரண்டு கூட வாங்குவேன். அச்சடித்திருப்பதோ, யாரோ ஒரு கிழவியும் உரலும்.

கடைச் சுவரிலும் அதே கிழவிதான், பிளாஸ்டிக் மாலையோடு. விடியப்புறம் நாலு மணிக்கு வந்து இடியப்பம் பிழிகிற பிள்ளைகளுக்குச் சுவரிலும் இடமில்லை, கதையிலும் இடமில்லை. "அவையள் எங்கட குடும்பம் மாதிரி" என்பார் அன்ரி. குடும்பத்துக்குச் சட்டப்படி சம்பளம் கொடுக்கத் தேவையில்லைத்தானே. விசா முடிவுக்காகக் காத்திருக்கிறவள் வாய் திறந்து கேட்கவும் மாட்டாள். ஒரு காலத்தில் அன்ரியும் அப்படி நின்றவர்தான் என்பதை நினைத்தால் எனக்குப் பகிடி வரவில்லை, கோபம்தான் வருகிறது.

ரோல்ஸ் விலை போன மாதமும் கூடியது. கேட்டால், "சாமான் விலை, தம்பி. எண்ணெய் விலை, இறைச்சி விலை, கடை வாடகை…" என்று விரல் மடக்குகிறார். கூலி என்று ஒரு விரல் இதுவரை மடங்கியதில்லை.