வருஷம் பார்த்துக் குடிப்பவர்

கர்நாடக முதலமைச்சர்களே காலடி வைக்கப் பயந்த ஊர் சாமராஜநகர். தேவராஜ் அர்ஸில் தொடங்கி வீரேந்திர பாட்டீல் வரை, இங்கே வந்துபோனவர்கள் எல்லாம் சில மாதங்களில் நாற்காலியை இழந்தார்கள் என்று ஒரு பட்டியலை டீக்கடையில் ஒப்பிப்பார்கள். 1997-ல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கியபோது, அப்போதைய முதலமைச்சர் ஜே.எச்.பட்டேல் ஊருக்குள் வராமல் மாதேஸ்வரன் மலையில் வைத்தே விழாவை முடித்துக்கொண்டார். சித்தராமையாதான் திரும்பத் திரும்ப வந்தும் ஐந்து வருஷத்தை முழுசாக முடித்துக் காட்டினார். 2018 தேர்தலில் தோற்றது வேறு கணக்கு.

இந்த ஊரில் தன் பதவிக்கு மட்டும் ஆபத்தே கிடையாது என்று நம்பி இருந்தவர் ஒருவர் உண்டு. அவர் ஒயின் தெரிந்தவர்.

பேர் வேண்டாம். கோயம்புத்தூரில், சேலத்தில், சென்னை அண்ணாநகரில் எல்லாம் இவருக்கு நகல்கள் இருப்பதால், பேர் சொன்னால் பத்துப் பேர் கோபித்துக்கொள்வார்கள். நம்மவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். பிளிகிரிரங்கன் மலை தெரிகிற மாதிரி தோட்டம் வாங்கி, பாதியில் வாழையும் பாதியில் மஞ்சளும் போட்டிருக்கிறார். தோட்டத்தை ஆள் பார்த்துக்கொள்கிறான். இவர் ஒயினைப் பார்த்துக்கொள்கிறார்.

குடிப்பவர் என்று அவரைச் சொல்லக் கூடாது. குடிப்பது மற்றவர்கள், அவர் 'டேஸ்ட்' பண்ணுவார். பீர் பாட்டிலைக் கண்டால், செருப்புப் போட்டுக்கொண்டு சாமி அறைக்குள் வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் ஒயின்காரர்கள் பிரான்ஸின் போர்தோவைச் சேர்ந்த மிஷெல் ரோலானை ஆலோசகராக வைத்துச் செய்த 'லா ரிசர்வ்' கொடுத்தால், ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவாயில்ல... ஆனா..." என்பார். அந்த 'ஆனா'தான் அவருடைய மொத்தச் சொத்து. நாசிக் ஒயினுக்கு ஒரு 'ஆனா', ஆஸ்திரேலியாவுக்கு அரை 'ஆனா', பிரான்ஸுக்கு மட்டும் மௌனம். அந்த மௌனத்தையும் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அவருடைய புலமையின் முதுகெலும்பு வருஷம். போர்தோவில் 1961 பிரமாதம், 1982 பிரமாதம், 2005, 2009, 2010 மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 2013-ஐத் தொடக் கூடாது. இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கல்யாணம் ஆன வருஷத்தைக் கேட்டால் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மாலை நாலு மணிக்கு டீயும் அவரேபேளை (மொச்சைப் பருப்பு) வடையும். அது முடிந்ததும் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார். அது முடியவே முடியாது. சத்தியமங்கலம் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். 27 கொண்டைஊசி வளைவு கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை. புலிக்கும் சிறுத்தைக்கும் நிம்மதியாக ரோட்டைக் கடக்க வழி செய்த அந்த உத்தரவால் மனிதர்களில் பயன் அடைந்தவர் இவர் ஒருவரே. "இனிமே எங்க போகப் போறீங்க? இருந்து ஒரு கிளாஸ் டேஸ்ட் பண்ணிட்டு, காலைல போகலாம்" என்பார். கதவு தாழ்ப்பாள் போட்டாயிற்று.

அப்படித்தான் அன்று மாட்டிக்கொண்டோம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அவருடைய மச்சினர், பாரிஸிலிருந்து லீவில் வந்திருந்த தங்கை மகன், நான். பாட்டில் அந்தப் பையன் கொண்டுவந்தது. சிவப்பு ஒயின், கனத்த கண்ணாடி, அடியில் உள்ளங்கை ஆழத்துக்குக் குழி. குழி ஆழமாக இருந்தால் உசத்தி என்பது அவருடைய கட்சி.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது விதி. அது பிரான்ஸில் பழைய கல் வீட்டின் அறை. பதினாறு, பதினெட்டு டிகிரி. ஏப்ரல் மாத சாமராஜநகரில் அந்த அறை கிடைக்காது. அதனால் போர்வெல் தண்ணீர் பிடித்த பக்கெட்டில், ஈரச் சாக்கு சுற்றிய பாட்டில் மத்தியானத்திலிருந்தே ஊறிக்கொண்டிருந்தது. லேபிள் நனையக் கூடாதென்று அதன்மேல் பால் கவர் ஒன்றைக் கத்தரித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். லேபிள் நனைந்தால் ஒயின் கெட்டுப்போகும் என்று நினைக்கிற ஆள் அல்ல; லேபிள் போனால் தான் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த ஆள்.

கார்க் பாதியில் முறிந்தது. மீதியை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினார். "மூச்சு விடட்டும்" என்றார். நாங்களும் விட்டோம். பிறகு கிளாஸை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பின்னால் வெள்ளைக் காகிதம் வேண்டும் என்பதால் நாள்காட்டித் தாளின் மறுபக்கம். சுழற்றினார். சட்டையில் ரெண்டு சொட்டு. மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். "பிளாக்கரண்ட்... சிடார் மரம்... பென்சில் சீவின வாசனை... மழை பேஞ்ச காடு." பிளாக்கரண்ட் செடியை அவர் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை என்பதால் தகராறு வரவில்லை. மழை பெய்த காடு ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை முழுக்க இருக்கிறது. அதை மோந்து பார்க்க அவர் எழுந்துபோய் நான் கண்டதில்லை.

கடைசியாக, தீர்ப்பு. "2009. இல்லேன்னா 2010. அதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது."

மஞ்சள் மண்டிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் மாப்பிள்ளை, இதுல வருசம் எங்கீங்க போட்டிருக்கு?"

போடவில்லை. முன்னால் இல்லை, பின்னால் இல்லை. பால் கவரைப் பிரித்துப் பார்த்தும் இல்லை.

பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "மாமா, இது ஒரு வருஷத்து ஒயின் இல்ல. மூணு வருஷத்து விளைச்சலைக் கலந்து செஞ்சது. பின்னாடி அப்படித்தான் எழுதியிருக்கு." நம்மவர் முகத்தில் அப்போது தெரிந்ததை, நாற்காலி போன முதலமைச்சர்கள் முகத்தில் பத்திரிகைக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

விஷயம் ஒன்றும் ரகசியம் இல்லை. ஷாம்பெயினில் பெரும்பாலான பாட்டில்களில் வருஷமே இருக்காது. அந்த வடக்குச் சீமைக் குளிரில் ஒரு வருஷம் திராட்சை பழுக்கும், ஒரு வருஷம் பழுக்காது. அதனால் முந்தைய வருஷங்களின் ஒயினைச் சேமித்துவைத்துக் கலப்பார்கள். விலை உயர்ந்த சிவப்பு ஒயினில் இது அபூர்வம்தான், ஆனால் இல்லாமல் இல்லை. ஸ்பெயினில் வேகா சிசிலியா என்ற பேர்போன பண்ணை, தன் உச்சபட்ச ஒயினையே மூன்று நல்ல வருஷங்களைக் கலந்துதான் செய்கிறது. இளசு பழ வாசனை தரும். பழசு நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பை இறக்கி, மெத்தென்று ஆக்கும். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் கலக்குகிறவரின் நாக்கு இருக்கிறது. இன்னொன்றையும் பையன் சொன்னான்: ஐரோப்பிய விதிப்படி 85 சதவீதம் அந்த வருஷத்துத் திராட்சையாக இருந்தால் போதும், லேபிளில் அந்த வருஷத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதாவது இவர் இத்தனை நாள் சத்தியம் செய்த 2009-களிலும் வேறு வருஷம் கொஞ்சம் எட்டிப்பார்த்திருக்கலாம். இதைச் சொல்லியிருக்க வேண்டாம். மாமாவிடம் அடுத்த தீபாவளிக்கு அவன் எதுவும் எதிர்பார்க்க முடியாது.

ஈரோட்டுக்காரருக்குத்தான் பெரிய சந்தேகம். விரலி மஞ்சளை ஒடித்து, உள்நிறம் பார்த்து, ஒரு மூட்டைக்கு விலை சொல்கிற கை அது. "எங்க மண்டியில பழைய மஞ்சளையும் புது மஞ்சளையும் கலந்து போட்டா திருட்டும்பாங்க. இவங்க பண்ணுனா மட்டும் கலைங்களா?"

நியாயமான கேள்வி. பதிலும் அவர் தொழிலிலேயே இருக்கிறது. கலந்ததைக் கலந்தது என்று சொல்லி விற்றால் கலை, சொல்லாமல் விற்றால் திருட்டு. ரூடி குர்னியவான் என்று ஓர் இந்தோனேசியர், கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய அபூர்வ வருஷங்களின் லேபிளை ஒட்டி, அமெரிக்கப் பணக்காரர்களுக்கு ஏலத்தில் விற்றார். வாங்கியவர்கள் எல்லாம் நம்மவரைப் போல் வருஷம் தெரிந்தவர்கள். 2014-ல் அவருக்குப் பத்து வருஷம் சிறை. ஒரு கண்ணோட்டத்தில், உலகத்திலேயே மிகத் துல்லியமாகக் கலக்கத் தெரிந்த நாக்கு அவருடையது. பாவம், லேபிளில் உண்மையை எழுதத் தெரியவில்லை.

நம்மவரை மட்டும் கேலி செய்வதும் சரியில்லை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனைகளையே எழுதித் தள்ளினார்கள். பாடம் படித்த மூக்கே கண் சொன்னதைக் கேட்கிறது என்றால், நாள்காட்டித் தாளை வைத்துக்கொண்டு தனியாகப் போராடுகிற மூக்கை என்ன சொல்ல?

ஒயின் நன்றாகத்தான் இருந்தது. மண்டிக்காரர் ரெண்டாவது கிளாஸ் கேட்டார். மல்லாட்டை வறுவலோடு தொட்டுக்கொண்டால் இன்னும் தேவலை என்றார். அதுதான் அன்று இரவு சொல்லப்பட்டதிலேயே உருப்படியான ஒயின் விமர்சனம். வீட்டம்மா அரை கிளாஸ் வாங்கி, "முதல்ல துவர்ப்பா இருந்துச்சு, இப்ப இல்ல" என்றார். மூன்று வருஷக் கலவைக்கு அதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியாது.

நம்மவர் பத்து நிமிஷம் பேசவில்லை. பிறகு கிளாஸை மறுபடி சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடினார். "நான் சொன்ன 2009 இதுக்குள்ள இருக்கு. மத்த ரெண்டும்தான் அதை அமுக்கிட்டு இருக்கு" என்றார்.

பதவி பறிபோகவில்லை. அந்த ஊர் ராசி முதலமைச்சர்களோடு சரி.

சாமராஜநகர் போகிறவர்கள் அவருக்கு ஏதாவது கொண்டுபோக நினைத்தால், வருஷம் அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். 2013 ஆனாலும் பாதகமில்லை. திட்டுவதற்கு அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். வருஷம் போடாததாக நல்ல பாட்டில் ஏதாவது கிடைத்தால், அதை ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கொடுத்துவிடுங்கள். மல்லாட்டை அவர்களே வறுத்துக்கொள்வார்கள்.