இரண்டு சிட்டிங்குக்கு நடுவே

ரூட் கெனாலில் வலி நாற்காலியில் இல்லை. அங்கேதான் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிடுகிறார்களே. அசல் கச்சேரி அடுத்த சிட்டிங் வரைக்கும். தற்காலிக சிமெண்ட் அடைத்த பல்லோடு வீடு வந்தால் ஊரே பல் டாக்டர். மாமியார் கிராம்பு என்பார். சிரிக்காதீர்கள், அந்த சிமெண்டிலேயே பல சமயம் கிராம்பின் யூஜினால்தான் இருக்கிறது. மெடிக்கல் ஷாப் தம்பி கேட்காமலே ஆன்டிபயாடிக் நீட்டுவார். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வலிக்கு அது வீண் செலவு. பக்கத்து வீட்டு அண்ணனோ ஆஸ்பிரினை ஈறில் அதக்கச் சொல்வார். அதக்கினால் ஈறு வெந்து, வலி இரண்டாகும். பேச்சின் நடுவே முறுக்கும் தட்டையும் வரும்!

கடிக்கும்போது சில நாள் வலிப்பது சகஜம். டாக்டர் எழுதிய மாத்திரை போதும். கன்னம் வீங்கினால் மட்டும் அடுத்த தேதி பார்க்காமல் அன்றே போய் நில்லுங்கள்.