ஆடித் தள்ளுபடியில் 18 குழி

பெருநகரில் பிரம்மபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் செய்யாறு இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் போகிற பஸ் இருக்கிறது. கால்ஃப் மைதானம் மட்டும் இல்லை. ஆனால் கால்ஃப் மேனேஜர் இருக்கிறார்.

இவரைத் தனி மனிதர் என்று நினைக்கக் கூடாது. இது ஓர் இனம். 1990களின் பிற்பாதியில் கொரியாக்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் செய்ய வந்தபோது இதற்கு விதை விழுந்தது. அப்புறம் ஒரகடத்துக்கு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக நின்று ஆள் ஏற்றியது. டிப்ளமோ சான்றிதழோடு ஏறியவர்களில் சிலர், தலை நரைத்து இறங்கும்போது பர்ச்சேஸ் மேனேஜராக இறங்கினார்கள். கொரிய மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை கால்ஃப் மட்டையைத் தூக்கினால், திங்கட்கிழமை அவர் கையெழுத்து வேண்டியவர்களும் தூக்கித்தான் ஆக வேண்டும். மேலதிகாரி ஊருக்குத் திரும்பிவிட்டார். மட்டை இங்கேயே தங்கிவிட்டது.

போகிற போக்கில் அவர் ஒரு ரகசியத்தையும் சொல்லிவிட்டுப் போனார். கொரியாவில் மைதானக் கட்டணம் கட்டுப்படியாகாது. அதனால்தான் அங்கே ஏராளமானவர்கள் அறைக்குள் நின்று திரையைப் பார்த்துப் பந்தடிக்கிறார்கள். இன்னும் பலர் குளிர்காலத்தில் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் விமானம் ஏறுகிறார்கள். சொந்த ஊரில் ஆடுவதைவிட வெளிநாடு போய் ஆடுவது மலிவு. பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவர் காதில் விழக்கூடாத வாக்கியம் இது.

வேலையிலிருந்து ஓய்வு பெறலாம். கொட்டேஷன் கேட்பதிலிருந்து ஓய்வு பெற முடியாது. கத்திரிக்காய்க்கே மூன்று கடையில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரிடம் போய் இன்னும் இரண்டு ரூபாய் குறைப்பவர் நம் மேனேஜர். அவர் வெளிநாட்டு மைதானங்களுக்கு விலை கேட்கத் தொடங்கியதும், வீட்டம்மா ஒரு நாள் யோசனை சொன்னார்.

"ஏங்க, ஊட்டியிலயே இருக்குதாமே. கொடைக்கானல்லயும் இருக்குதாம். ஒரு ராத்திரி பஸ்ல போயிட்டு வந்துடலாம்."

"ஊட்டி வெளிநாடா?" என்றார் மேனேஜர். கொடைக்கானலில் 1895-லேயே கால்ஃப் கிளப் வந்துவிட்டது. அந்தப் புல்தரையில் காட்டெருமைகள் தாமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். "எருமைக்கு இலவசம், எனக்கு மட்டும் கட்டணமா?" என்று அந்தக் கோப்பை மூடிவிட்டார்.

பயிற்சி எல்லாம் தண்ணீர் வற்றிய ஏரிக்குள்தான். கால்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்த எடை தெரியாது, விலை தெரியும். முள்ளுக்குள் போன பந்தைத் தேடித் தர பத்து ரூபாய். மேனேஜர் பேரம் பேசி ஏழுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வாரத்திலிருந்து பந்துகள் முள்ளுக்குள் போவதை விட்டுவிட்டு நேரே கிணற்றில் விழத் தொடங்கின. ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்பா, அம்மாந்தூரம் ஏரோப்ளேன்ல போய் புல்லு மேல நடந்துட்டு வரத்துக்கா இவ்ளோ துட்டு?" மேனேஜர் பதில் சொல்லவில்லை. விற்பவர் முகத்தைப் பார்க்காமல் விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பது பர்ச்சேஸ் ஒழுக்கம்.

பட்டியலில் முதலில் தேறியது தாய்லாந்து. அங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் இதம், கூட்டம் அதிகம், கட்டணமும் அதிகம். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் செய்யாற்றில் வந்து கூடும் சமயம், தாய்லாந்தில் ஊர் உலகத்து கால்ஃப்காரர்கள் வந்து கூடுகிறார்கள். மழைக் காலத்தில் அதே மைதானம் விலை இறங்குகிறது. கணக்குப் போட்டால் நம் ஆடி, ஆவணி.

"அங்கயும் ஆடித் தள்ளுபடிதான்யா!" என்று டீக்கடையில் அறிவித்தார் மேனேஜர். காஞ்சிபுரத்து ஜவுளிக் கடைகளில் வீட்டம்மா வரிசையில் நிற்க வேண்டிய மாதத்தில், ஹுவா ஹின்னில் 1924-ல் திறந்த பழைய மைதானத்தில் மேனேஜர் மழைக்கு ஒதுங்கி நின்றார். கட்டணம் குறைவுதான். ஆனால் பை தூக்கி வழி சொல்லும் பெண் கூட வந்தே ஆக வேண்டும். அவருக்குத் தனிக் கட்டணம், முடிந்ததும் டிப்ஸ். வண்டி எடுத்தால் அதற்கு வாடகை. "பேரம் முடிஞ்ச பிறகு பேக்கிங் சார்ஜ் போடற சப்ளையர் மாதிரி இருக்குது" என்று திரும்பி வந்து புலம்பினார். புலம்பல்தான், குரலில் மட்டும் ஒரு பூரிப்பு. பாதி ஆட்டத்தில் மழை கொட்டியதற்காக அடுத்த ஆட்டத்துக்குச் சலுகைச் சீட்டு வாங்கிவிட்டாராம். எத்தனை குழியில் பந்தைப் போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது கொட்டேஷன் இலங்கை. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது என்பதே அவருக்குப் பாதி ஆட்டத்தை ஜெயித்த மாதிரி. கொழும்பில் 1879-லிருந்து இருக்கும் ராயல் கொழும்பு கால்ஃப் கிளப்பின் நடுவே களனிவெளி ரயில் போகிறது. ரயில் பார்த்த திருப்தி தனி வரவு என்று எழுதிக்கொண்டார். பிறகு நுவரெலியா. 1889-ல் தொடங்கிய மைதானம்; ஆறாயிரம் அடிக்கு மேல் குளிர்; சுற்றிலும் தேயிலை. மலையேறி வந்த மேனேஜர், பை தூக்க வந்தவரிடம் ஆங்கிலத்தில் விறைப்பாகப் பேசினார். அவர் கேட்டார்: "ஐயாவுக்கு எந்த ஊருங்க? காஞ்சிபுரம் பக்கமுங்களா?" அத்தோடு பேரம் பேசும் வசதி போய்விட்டது. தெரியாத பாஷையில் விலை குறைக்கலாம். பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்று விசாரித்த பிறகு எப்படிக் குறைப்பது? கேட்டதைக் கொடுத்து, மேலேயும் கொடுத்து, போதாததற்கு வீட்டம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பயணத்தின் கணக்கை மட்டும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

ஜப்பான் கொட்டேஷன் ஆய்விலேயே நின்றுவிட்டது. அங்கே ஒருவர் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டால், கூட ஆடியவர்களுக்கும் நண்பர்களுக்கும் விருந்தும் பரிசும் தர வேண்டும் என்பது வழக்கம். அந்தச் செலவுக்குப் பயந்து பலர் இன்ஷூரன்ஸ் எடுத்துவைக்கிறார்கள். மேனேஜர் இதை நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு எங்கள் ஊர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டை வழிமறித்து, "ஒரே அடியில விழுந்தா காசு தர்ற பாலிசி உங்ககிட்ட இருக்குதா?" என்று கேட்டார். யாரை அடிக்கப் போகிறார் என்று புரியாமல் ஏஜென்ட் மூன்று நாள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

உச்சம் ஸ்காட்லாந்துதான். மகன் லண்டனில் இருக்கிறான். தங்கும் செலவு இல்லை. கால்ஃப் பிறந்த மண்ணென்று கொண்டாடப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானம் பொதுச் சொத்து, யாரும் ஆடலாம். சீசனில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல். அதற்கும் கூட்டம் மொய்ப்பதால், பெயர் கொடுத்தவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதைப் படித்ததும் மேனேஜருக்கு எங்கள் பக்கத்து உத்திரமேரூர் ரத்தம் கொதித்தது. "குடவோலை! 921-லயே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுல விவரமா இருக்குது. நம்ம கண்டுபிடிப்பு!" ஆனால் சீட்டில் பெயர் போடுவதற்கு இரு இடத்திலும் தகுதி உண்டு. உத்திரமேரூர் சபைக்கு 35 வயது நிரம்ப வேண்டும், 70 தாண்டக் கூடாது, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. வயது, நிலம், கணக்கு மூன்றிலும் மேனேஜர் தேறுவார். செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்களோ ஓரளவு ஆடத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். பராந்தகர் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

மனிதர் அசரவில்லை. பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்றொரு புல்மேடு. 1867-ல் தொடங்கிய பெண்கள் சங்கத்தினுடையது. சில பவுண்டு கொடுத்தால் குட்டி மட்டையால் பந்தை உருட்டலாம், சான்றிதழ் கிடையாது. உருட்டினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவலாம். மேனேஜர் முதல் குழியிலிருந்து பதினெட்டாவது குழி வரைக்கும் நடந்தார். கட்டணம் பூஜ்யம். 300 பவுண்டு மிச்சம் என்று அங்கேயே நின்று மகனுக்கு போன் செய்தார். விமான டிக்கெட்டை யார் எடுத்தது என்று மகன் நினைவுபடுத்தியபோது சிக்னல் போய்விட்டது.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் விசாரணை நடந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும் மேனேஜரே, நீங்க ஆட்டத்துல எப்படி?" என்றார் கடைக்காரர்.

மேனேஜர் பேப்பர் எடுத்தார். "கட்டணம் 3,600 ரூபான்னு வச்சுக்கோ. நல்லா ஆடறவன் 72 அடியில முடிச்சுடுவான். அவனுக்கு ஓர் அடி அம்பது ரூபா விழுது. நான் அதே மைதானத்துல 144 அடி அடிக்கிறேன். எனக்கு இருபத்தஞ்சு ரூபாதான். யாருக்கு லாபம்?"

கடைக்காரர் பாய்லரை மறந்துவிட்டு யோசித்தார். "அப்போ அந்த டைகர் உட்ஸு?"

"பெரிய ஆட்டக்காரர்தான்," என்றார் மேனேஜர், பேப்பரை மடித்துக்கொண்டே. "பர்ச்சேஸ் தெரியாது."