இலையைக் கேட்காதீர்கள், கொட்டையைக் கேளுங்கள்

கேள்வி: கேமரன் மலைப் பாதையில் தொப்பி போட்ட கொட்டைகள் கிடைத்தன. மேலே பார்த்தால் ஒரே மரத்தில் இலைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவில்லை. இது ஓக் மரம்தானா?
- வாசகர், செந்தூல்

பதில்: ஓக் குடும்பமேதான், ஐயா! இலையை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். உச்சியில் வெயில் குடிக்கும் இலை சிறுத்துத் தடிக்கும். அதே மரத்தின் அடிக்கிளையில், நிழலில் வளர்வது அகன்று மெலியும். ஐரோப்பிய ஓக் படங்களில் வரும் நெளிநெளி ஓரமும் இங்கே கிடையாது. நம் மலை மரங்கள் எப்போதும் பச்சை. இலை ஓரம் பெரும்பாலும் வழுவழுப்பு, சிலவற்றில் லேசான பல்.

ஆகவே கொட்டையின் தொப்பியை, அதாவது கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். செதில்கள் தனித்தனியே ஓடு வேய்ந்தது போல் இருந்தால் லித்தோகார்ப்பஸ் என்ற பேரினம். வளையம் வளையமாக இருந்தால் அசல் ஓக்கான குவெர்க்கஸ் என்று அவசரப்பட வேண்டாம். லித்தோகார்ப்பஸிலும் சில வளையம் போடும். அப்போது பூதான் சாட்சி: குவெர்க்கஸின் ஆண் பூச்சரம் தொங்கும், மற்றதற்கு நிமிர்ந்து நிற்கும். கிண்ணம் முள் போர்த்தியிருந்தால் பெராங்கான். பெட்டாலிங் ஸ்திரீட்டில் வறுத்து விற்கும் கஷ்கொட்டைக்குப் பங்காளி.

இதே குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கினபாலு மலையில் வளரும் டிரைகோனோபலானஸ். கணுவுக்கு மூன்று இலை, கொட்டையும் முப்பட்டை! தாவரவியலாளர் சூபாட்மோ 1972இல் இந்த வட்டாரத்தின் ஓக் குடும்பம் முழுவதையும் ‘ஃபுளோரா மலேசியானா’ நூல்வரிசையில் தொகுத்துத் தந்தார்.

அடுத்த முறை அதே மரத்தடியில் மேலிலை, கீழிலை, கொட்டை, கிண்ணம் நான்கையும் சேர்த்துப் படம் எடுங்கள். அவற்றைக் காட்டிக் கேட்க மலேசிய வன ஆய்வுக் கழகம் உங்களுக்குப் பக்கத்திலேயே, கெப்போங்கில் இருக்கிறது.