கண் பார்க்காத பேச்சு

கே: நேரில் அதிர்ந்து பேசாத என் சித்தப்பா, ஃபேஸ்புக்கில் எல்லோரையும் கடித்துக் குதறுகிறார். இதில் எது நிஜ சித்தப்பா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ப: இரண்டும் அவர்தான். நேரில் அவர் நாக்கைப் பிடித்து நிறுத்துவது முகதாட்சண்யம். திரையில் முகமே இல்லை, தாட்சண்யம் எங்கிருந்து வரும்? அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் திரைக்கு முன் நாக்கு இப்படிக் கட்டவிழ்வதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஆள் தெரியாது, முகம் தெரியாது, சொன்னதற்கு உடனே பதில் வாங்க வேண்டியதில்லை என்று காரணங்களை அடுக்கினார். கட்டவிழ்ந்ததுதான் உண்மையான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: இதே கட்டவிழ்ப்பில்தான், வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத துயரத்தை முன்பின் தெரியாதவரிடம் ஒருவர் கொட்டி ஆறுதல் அடைகிறார்.

கே: எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் வசவு நின்றுவிடாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி)

ப: தென் கொரியா போட்டுப் பார்த்தது ஐயா. பெரிய தளங்களில் கருத்து எழுத 2007-இல் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். வசவு சொல்லும்படி குறையவில்லை. 2012-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு இஸ்ரேல் ஆய்வாளர்கள் நோம் லபிதோத்-லெஃப்லரும் ஆசி பராக்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 142 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு சிக்கலைத் தட்டச்சிலேயே பேசித் தீர்க்கச் சொன்னார்கள். சில ஜோடிகளுக்குப் பெயர் தெரியும், சிலருக்கு முகம் தெரியும், சிலருக்குக் கண்ணோடு கண் பார்க்க முடியும். பேச்சு தடித்துப்போனதில் பெயர் மறைவைவிடப் பெரிய பங்கு, கண் பார்க்காததற்குத்தான். வள்ளுவர் தம் 58-ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயரை எண்ணிப் பாருங்கள்: கண்ணோட்டம். இரக்கத்துக்குக் கண்ணை வைத்தே பெயர் சொன்ன மொழி நம்முடையது.

கே: ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று பத்து தடவை பார்க்கிறேன்.
(வாசகி, நாகர்கோவில்)

ப: ஒருவருக்காகத்தானே போட்டீர்கள்? அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

கே: நீல டிக் விழுந்து இரண்டு நாளாகிறது, தோழி பதில் போடவில்லை. ஒதுக்குகிறாளா?
(செவிலியர், வேலூர்)

ப: செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அந்த டிக்குக்கு எதுவும் தெரியாது. படிக்கும்போதே பால் பொங்கியதா, மேலதிகாரி கூப்பிட்டாரா, பிறகு நிதானமாக எழுதலாம் என்று வைத்தவள் மறந்தேபோனாளா, ஒன்றும் அது சொல்லாது. மீதிக் கதையை உங்கள் பயம்தான் எழுதுகிறது. இன்றே கூப்பிடுங்கள்.

கே: விளையாட்டாகத்தான் எழுதினேன், மச்சான் முறைத்துக்கொண்டான்.
(பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்)

ப: எழுதும்போது உங்கள் சிரிப்பு உங்கள் காதில் ஒலித்தது, அவர் காதில் ஒலிக்கவில்லை. ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. நையாண்டி எது, நிஜம் எது என்று மின்னஞ்சலில் படிப்பவர் 100-க்கு 78 முறை சரியாகப் பிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56. காசைச் சுண்டிப் பூவா தலையா கேட்டாலே 50 வந்துவிடும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73. மச்சானிடம் பேசுங்கள்.

கே: குடும்பக் குழுவில் பெரியப்பா தினமும் பொய்ச் செய்தி அனுப்புகிறார். எல்லோர் முன்னும் திருத்தலாமா?
(மென்பொருள் பணியாளர், கோவை)

ப: குழுவில் வேண்டாம். நாற்பது உறவினர் பார்க்கப் பிடிபட்டால், செய்தியை விட்டுவிட்டு மானத்தைக் காக்கத்தான் அவர் வாதாடுவார். தனியாகப் போன் செய்யுங்கள், ‘பெரியப்பா, இது எங்கிருந்து வந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் அனுப்புவது பெரும்பாலும் அக்கறையில்தான். ஆனால் சும்மா விட்டுவிடாதீர்கள். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று பரவியதும் இப்படி அக்கறையோடு அனுப்பிய செய்திகள்தான். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. அதன் பிறகு, அந்த ஜூலையில்தான், ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே தடவையில் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கே: அப்பா தவறிப்போய் ஏழு மாதமாகிறது. இன்னமும் அவர் எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா?
(வாசகி, சேலம்)

ப: இல்லை அம்மா. இறந்தவரை மனத்திலிருந்து அறுத்துவிட்டால்தான் துக்கம் ஆறும் என்று உளவியலில் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். உறவு தொடரலாம், அதில் நோய் ஏதுமில்லை என்று 1996-இல் வந்த ஒரு நூலிலேயே டென்னிஸ் கிளாஸும் அவருடைய சகாக்களும் எழுதிவிட்டார்கள். உங்கள் பாட்டி படத்துக்கு முன் நின்று பேசியதும் இதுதான். அனுப்புங்கள். ஒன்று மட்டும்: புழங்காத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்பா எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். அவர் அனுப்பிய குரல் பதிவுகளை இன்றைக்கே வேறோர் இடத்திலும் எடுத்து வையுங்கள்.